பி.ஓ. ஒன்று, பில் இன்னொன்று: கொள்முதல் சாஃப்ட்வேரில் இரண்டையும் இணைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரக்கு விற்ற பார்ட்டி போன் செய்கிறார். "சார், பில் பாஸ் ஆயிடுச்சா?" அக்கவுன்ட்ஸ்காரர் பர்ச்சேஸைக் கேட்கிறார். பர்ச்சேஸ் ஸ்டோர்ஸைக் கை காட்டுகிறது. ஸ்டோர்ஸில் "சரக்கு பத்து நாளைக்கு முன்னாடியே இறங்கியாச்சே" என்கிறார்கள். மூன்று பேரிடமும் பேப்பர் இருக்கிறது, ஆனால் மூன்றிலும் தொகை வேறு வேறு.

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் சாஃப்ட்வேர் வாங்குகிறோம். வாங்கிய பிறகும் கூத்து தொடர்ந்தால், பெரும்பாலும் பி.ஓ. என்ற பர்ச்சேஸ் ஆர்டரையும் பில்லையும் நேரடியாக முடிச்சுப் போட்டிருப்பார்கள். நடுவில் ஸ்டோர்ஸ் போடும் ஜி.ஆர்.என். என்ற சரக்கு வரவுச் சீட்டு இல்லாமல் அந்த முடிச்சு நிற்காது. கோவைப் பக்கத்துப் பம்ப் யூனிட் ஒன்றில் காஸ்டிங் (வார்ப்பு) வாங்குவதை உதாரணமாக எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். காஸ்டிங்கை எடுத்ததற்குக் காரணம், எண்ணி வாங்கி எடை போட்டுப் பணம் கொடுக்கும் சரக்கு அது. அதைச் சமாளித்துவிட்டால் போல்ட்டும் நட்டும் தானாக வந்துவிடும்.

எது யாருடைய பேப்பர்?

பி.ஓ. என்பது வாங்குபவர் கொடுக்கும் வாக்கு: இந்தச் சரக்கு, இத்தனை, இந்த ரேட்டுக்கு, இந்தத் தேதிக்குள். பி.ஓ. போட்டதால் கணக்கில் ஒரு பைசாவும் நகராது. இன்வாய்ஸ், நம் வாயில் பில், விற்பவர் கேட்கும் பணம். பார்ட்டிக்கு நாம் கடன்பட்டதாகக் கணக்கில் ஏறுவது இதனால்தான். ஜி.ஆர்.என். மட்டும்தான் நடந்ததைச் சொல்லும் பேப்பர்.

ஒரே பொருளுக்கு ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் ஒரு பெயர் என்பதால் புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள். டேலியில் பர்ச்சேஸ் ஆர்டர், ரிசீப்ட் நோட், பர்ச்சேஸ் வவுச்சர். இஆர்பி நெக்ஸ்ட்டில் நடுவில் இருப்பது பர்ச்சேஸ் ரிசீப்ட். ஜோஹோ புக்ஸில் இன்வாய்ஸ் என்றால் நாம் போடுவது, நமக்கு வருவது பில். எஸ்.ஏ.பி. ஆட்கள் "மிகோ போட்டாச்சா, மிரோ போட்டாச்சா" என்று பேசிக்கொள்வார்கள். மிகோ சரக்கு வரவு, மிரோ பில் சரிபார்ப்பு. பெயர் எதுவானாலும் சங்கிலி ஒன்றுதான்.

மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு விதி. அளவை ஜி.ஆர்.என். சொல்லும், ரேட்டை பி.ஓ. சொல்லும், வரியை பில் சொல்லும். கீழே வரும் படிகள் எல்லாம் இதன் விரிவுதான்.

படி 1: பி.ஓ. போடும்போதே பில்லை நினையுங்கள்

நம் பி.ஓ. இது: பம்ப் பாடி காஸ்டிங், 500 எண்ணம், டிராயிங்படி ஒன்றின் எடை 6.2 கிலோ, கிலோ 92 ரூபாய். உத்தேச எடை 3,100 கிலோ, மதிப்பு 2,85,200 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சரக்கு இரண்டு லாட்டாக வரும்.

பர்ச்சேஸ்காரர் 500 எண்ணம் என்று மட்டும் பி.ஓ. போட்டு, காஸ்டிங் வார்க்கும் ஃபவுண்டரி கிலோவில் பில் அனுப்பினால் சாஃப்ட்வேர் எதை எதோடு ஒப்பிடும்? ஒன்றும் செய்யாது. அப்புறம் யாராவது கையால் பெருக்கிப் பார்த்து "ஓகே" போடுவார்கள். அதனால் பில் எந்த அளவில் வருமோ அந்த அளவிலேயே பி.ஓ.வின் லைன் (ஒரு சரக்குக்கான வரிசை) இருக்க வேண்டும். கிலோ முதல் அளவாக இருக்கட்டும், எண்ணிக்கையை இன்னொரு நெடுவரிசையில் கட்டாயமாக நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றுக்கு 6.2 கிலோ என்று சாஃப்ட்வேரில் நிலையான மாற்று விகிதம் போட்டு வைக்காதீர்கள். வார்ப்பில் எடை கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும்.

சரக்கை லைன் லைனாகப் பிரியுங்கள். "காஸ்டிங் மற்றும் உதிரி, ஒரு லாட்" என்ற ஒற்றை லைன் பி.ஓ.வுக்கு எந்தத் தொகை பில் வந்தாலும் பொருந்திவிடும். லாரி வாடகை யார் தலையில் என்பதையும் பி.ஓ.விலேயே எழுதிவிடுங்கள். வாடகை நமது என்றால் அதற்கும் ஒரு லைன். பி.ஓ.வில் இல்லாத வாடகை பில்லில் முளைப்பதுதான் தினசரித் தகராறுகளில் முதலிடம்.

காப்பர் வயர் போல ரேட் நாளுக்கு நாள் மாறும் சரக்குக்கு நிலையான ரேட் போடாதீர்கள். எந்த நாளின் உலோக விலை, அதற்கு மேல் கூலி எவ்வளவு என்று எழுதுங்கள். சரக்கு கிளம்பும் நாளில் பர்ச்சேஸ் பி.ஓ.வைத் திருத்தி ரேட்டை ஏற்றட்டும். திருத்தம் பில் வருவதற்கு முன் நடக்க வேண்டும், பழைய ரேட் அழியாமல் திருத்த எண்ணோடு நிற்க வேண்டும்.

பி.ஓ. எண்ணைப் பில்லில் அச்சிட்டு அனுப்பச் சொல்லி நிபந்தனையில் சேருங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில் மின் இன்வாய்ஸாக (அரசுத் தளத்தில் பதிவான பில்லாக) இருக்க வேண்டும். அதன் படிவத்தில் பி.ஓ. எண்ணுக்கு இடம் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. பில்லில் இருக்கும் க்யூஆர் குறியீட்டில் ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, தொகை, எச்.எஸ்.என். என்ற சரக்குக் குறியீடு எல்லாம் வரும். பி.ஓ. எண் வராது. "ஸ்கேன் பண்ணினால் பி.ஓ. தானா வந்துடும்" என்று சாஃப்ட்வேர் விற்க வந்தவர் சொன்னால், எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

படி 2: கேட், எடை, ஜி.ஆர்.என்.

லாரி வருகிறது. கேட்டில் பில் எண்ணும் வண்டி எண்ணும் பதிவாகின்றன. ஸ்டோர்ஸ்காரர் சாஃப்ட்வேரில் பி.ஓ.வைத் திறந்து, அதிலிருந்து ஜி.ஆர்.என். எடுக்கிறார். புதிதாக வெற்று ஜி.ஆர்.என். போடக்கூடாது. பி.ஓ.விலிருந்து எடுத்தால்தான் ஒவ்வொரு லைனும் பி.ஓ. லைனோடு இணையும். டேலியில் ரிசீப்ட் நோட் போடும்போது ஒவ்வொரு சரக்குக்கும் ஆர்டர் எண்ணும் டிராக்கிங் எண்ணும் கேட்கும். அவசரத்தில் எண்டர் தட்டிக்கொண்டே போனால் இணைப்பு அங்கேயே அறுந்துவிடும், மாதக் கடைசியில்தான் தெரியும்.

முதல் லாட்டுக்கு வந்த பில் சொல்வது: 300 எண்ணம், 1,896 கிலோ, கிலோ 94 ரூபாய். நம் எடை மேடை சொல்வது: 300 எண்ணம், 1,878 கிலோ. இன்ஸ்பெக்‌ஷனில் 12 காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் (காற்றுத் துளை), அவற்றின் எடை 75 கிலோ. ஏற்றது 288 எண்ணம், 1,803 கிலோ.

ஜி.ஆர்.என்.னில் மூன்று எண்களும் தனித்தனியாக வேண்டும்: வந்தது, ஏற்றது, தள்ளியது. "வந்தது 300" என்று மட்டும் போட்டுவிட்டு, ரிஜெக்‌ஷனை ஸ்டோர்ஸ் நோட்டில் பென்சிலால் எழுதி வைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அந்த நோட்டை அக்கவுன்ட்ஸில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஜி.ஆர்.என். போடுபவருக்குப் பில்லின் எடையைக் காட்டாதீர்கள் என்பது என் கருத்து. காட்டினால் எடை மேடைக்குப் போகாமலே 1,896 என்று அடித்துவிடும் ஆசை வரும். பழைய வேலையிடத்தில் ஆறு மாத ஜி.ஆர்.என்.களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட பில் எடைக்கும் நம் எடைக்கும் வித்தியாசமே இல்லை. அவ்வளவு நேர்மையான உலகமா என்று சந்தேகப்பட்டுக் கேட்டால், எடை மேடை நாலு மாதமாக ரிப்பேர்!

படி 3: பில்லை ஏற்றுவது

பில்லை ஜி.ஆர்.என்.னிலிருந்து எடுங்கள். பி.ஓ.விலிருந்து நேராக எடுத்தால் ஆர்டர் செய்த அளவு வந்து உட்காரும், ஜி.ஆர்.என்.னிலிருந்து எடுத்தால் ஏற்ற அளவு வரும். எஸ்.ஏ.பி.யில் பி.ஓ. லைனிலேயே "சரக்கு வரவின் அடிப்படையில் பில் சரிபார்ப்பு" என்று ஒரு டிக் இருக்கிறது. இஆர்பி நெக்ஸ்ட்டின் கொள்முதல் அமைப்புகளில் பில்லுக்கு பி.ஓ.வும் ரிசீப்டும் கட்டாயம் என்று வைக்கலாம். முதல் நாளே இதைப் போட்டுவிடுங்கள். பிறகு போட வந்தால் ஆயிரம் பழைய பில்லைக் காட்டி மறுப்பார்கள்.

இரட்டைப் பில்லைத் தடுப்பதும் இந்த இடத்தில்தான். ஜி.எஸ்.டி. விதி 46இன்படி பில் எண் 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டில் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஆக, பார்ட்டியின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, பில் எண் மூன்றும் சேர்ந்தால் தனித்துவம் கிடைக்கிறது. ஆனால் ஒருவர் 124 என்றும் இன்னொருவர் 0124 என்றும் அடித்தால் சாஃப்ட்வேருக்கு அவை இரண்டு பில். பேப்பரில் இருப்பதை அப்படியே அடிப்பது, அல்லது க்யூஆரை ஸ்கேன் செய்வது என்று ஒரு முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

புரோஃபார்மா இன்வாய்ஸைப் பில்லாக ஏற்றாதீர்கள். அது அட்வான்ஸ் கேட்கும் பேப்பர். அட்வான்ஸைப் பி.ஓ.வோடு இணைத்துக் கொடுங்கள். உண்மையான பில் வரும்போது அது கழியும்.

படி 4: ஒப்பிடுவது

பி.ஓ.வையும் பில்லையும் மட்டும் ஒப்பிட்டால் இருவழி, ஜி.ஆர்.என்.னும் சேர்ந்தால் மூவழி, இன்ஸ்பெக்‌ஷனும் சேர்ந்தால் நால்வழி. காஸ்டிங்குக்கு நால்வழி வேண்டும். டீத்தூளுக்கு வேண்டாம்.

பில்லின்படி 1,896 கிலோ, ரேட் 94: 1,78,224 ரூபாய். நம் விதிப்படி 1,803 கிலோ, ரேட் 92: 1,65,876 ரூபாய். வித்தியாசம் 12,348 ரூபாய். மொத்தத் தொகையில் வித்தியாசம் என்று மட்டும் சாஃப்ட்வேர் சொன்னால் போதாது, அது எதனால் வந்தது என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். எடைக் குறைவு 18 கிலோ, 94 வீதம் 1,692. ரிஜெக்‌ஷன் 75 கிலோ, 94 வீதம் 7,050. ரேட் வித்தியாசம் 1,803 கிலோவுக்கு 2 ரூபாய் வீதம் 3,606. மூன்றும் சேர்ந்தால் 12,348. எடைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டோர்ஸ், ரிஜெக்‌ஷனுக்கு குவாலிட்டி, ரேட்டுக்குப் பர்ச்சேஸ். பிரிக்காமல் மொத்தமாக அனுப்பினால் மூவரும் கையை விரிப்பார்கள்.

டாலரன்ஸ், அதாவது கண்டுகொள்ளாமல் விடும் வித்தியாசம், வைக்கத்தான் வேண்டும். பத்து ரூபாய் வித்தியாசத்துக்கு ஒரு பில்லை நிறுத்தி வைப்பது பைத்தியக்காரத்தனம். ஆனால் சதவீதம் மட்டும் வைக்காதீர்கள். சதவீதமும் ரூபாய் உச்சவரம்பும் வைத்து, எது குறைவோ அதுவே எல்லை என்று வையுங்கள். மேலே உள்ள 18 கிலோ பில் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு சதவீத டாலரன்ஸ் வைத்திருந்தால் 1,692 ரூபாய் சத்தமில்லாமல் போயிருக்கும். நம் டாலரன்ஸ் எவ்வளவு என்பது மூன்றாவது பில்லிலேயே பார்ட்டிக்குப் புரிந்துவிடும். எடை வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ரேட்டுக்கு டாலரன்ஸே வேண்டாம். இஆர்பி நெக்ஸ்ட்டில் ரேட் மாறினால் எச்சரிக்கவா, நிறுத்தவா என்று கேட்கும். நிறுத்து என்றே வையுங்கள்.

ஒப்பீட்டை வரிக்கு முந்தைய தொகையில் செய்யுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது இது நன்றாகத் தெரிந்தது. அட்டைப் பெட்டிக்கு 12 சதவீதத்தில் போட்ட பி.ஓ.க்கள் நிலுவையில் இருந்தன, பில் 5 சதவீதத்தில் வந்தது. மொத்தத் தொகையை ஒப்பிட வைத்திருந்தவர்களின் பில்கள் எல்லாம் மாட்டிக்கொண்டன. பி.ஓ.வில் உள்ள வரி உத்தேசம்தான். பில்லில் உள்ள விகிதம் சட்டப்படி சரியா என்பது தனிக் கேள்வி, அதைப் பார்க்க வேண்டியது அக்கவுன்ட்ஸ்.

படி 5: வித்தியாசத்தை என்ன செய்வது?

புதிதாகச் சேரும் பையன்கள் செய்யும் தவறு: ஏற்ற தொகைக்கு மட்டும் பில்லைக் குறைத்து ஏற்றிவிடுவது. அப்படிச் செய்தால் பார்ட்டி காட்டிய தொகைக்கும் நம் புத்தகத்துக்கும் ஒத்துவராது, பார்ட்டிகள் தாக்கல் செய்த பில்களை ஜி.எஸ்.டி. தளம் நமக்குக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் அந்தப் பில் மாதக்கணக்கில் உறுத்திக்கொண்டே நிற்கும். ஜி.ஆர்.என்.னிலிருந்து வந்த அளவு ஒப்பிடுவதற்குத்தான், கணக்கில் பில்லை முழுதாக ஏற்றுங்கள்: 1,78,224, வரி 32,080.32, ஆக 2,10,304.32. அன்றே 12,348க்கும் அதன் வரி 2,222.64க்கும் டெபிட் நோட் (பார்ட்டிக்குத் தர வேண்டியதைக் குறைக்கும் சீட்டு) போடுங்கள், ஆக 14,570.64. பார்ட்டிக்குத் தர வேண்டியது 1,95,733.68.

நம் டெபிட் நோட் நம் கணக்குக்கு மட்டும்தான். பார்ட்டியின் வரி குறைய வேண்டுமானால் ஜி.எஸ்.டி. சட்டம் 34ஆம் பிரிவின்கீழ் அவர் தன் பில் தொகையைக் குறைத்து கிரெடிட் நோட் போட வேண்டும். அது வரும்வரை டெபிட் நோட்டை "பதில் வரவில்லை" என்ற நிலையில் வைத்துத் துரத்துங்கள். வராத, ஏற்காத சரக்குக்கும் கூடுதல் ரேட்டுக்குமான அந்த 2,222.64 ரூபாயை உள்ளீட்டு வரியாக (வாங்கும்போது கொடுத்த வரிக்கான வரவாக) எடுத்துக்கொள்ளவும் கூடாது. சரக்கு கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது 16(2) பிரிவின் நிபந்தனைகளில் ஒன்று. பார்ட்டி 500க்கும் சேர்த்து ஒரே பில் போட்டு லாட் லாட்டாக அனுப்பினால், கடைசி லாட் வந்த பிறகுதான் வரி வரவு. லாட்டுக்கு ஒரு பில் கேட்டு வாங்குவது நமக்குத்தான் நல்லது.

2024 அக்டோபரிலிருந்து ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கும் இன்வாய்ஸ் மேலாண்மைப் பகுதியில் பில்லை ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்வார்கள். ஜி.ஆர்.என். இல்லாத பில்களின் பட்டியலை மாதா மாதம் சாஃப்ட்வேரிலிருந்து எடுத்து, அவற்றை அங்கே நிலுவையில் வையுங்கள். ஸ்டோர்ஸ் போட்ட சீட்டு வரிக் கணக்குவரை போய்ச் சேர்வது இப்படித்தான்.

சரக்கு வந்து பில் வராவிட்டால்?

ஜி.ஆர்.என். போட்டதும் ஸ்டாக் ஏறுகிறது. எதிர்ப்பக்கம் எங்கே? "பில் வராத சரக்கு" என்ற இடைக்காலக் கணக்கில். எஸ்.ஏ.பி.யில் இதைத்தான் ஜி.ஆர்.-ஐ.ஆர். என்பார்கள், இஆர்பி நெக்ஸ்ட்டிலும் இதற்குத் தனி லெட்ஜர் உண்டு. நம் உதாரணத்தில் ஜி.ஆர்.என். அன்று 1,65,876 அங்கே ஏறும், பில் வந்ததும் கழியும். டேலியில் ரிசீப்ட் நோட் ஸ்டாக்கை மட்டும் தொடும், லெட்ஜரைத் தொடாது. அதனால் மாதக் கடைசியில் பர்ச்சேஸ் பில்ஸ் பெண்டிங் அறிக்கையைப் பார்த்துச் செலவுக்கு ஒதுக்கீடு போட வேண்டும். இதை விட்டுவிட்டு மார்ச் லாபத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் ஏப்ரலில் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

படி 6: பணம்

பி.ஓ.வில் 60 நாள் கடன் என்று போட்டிருக்கிறது. ஃபவுண்டரி, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தி நிறுவனமா? அப்படியானால் அந்த 60 செல்லாது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்தான், இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வருமான வரியிலும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், 43பி(எச்) என்று சேர்க்கப்பட்ட விதியால், இந்தக் கெடு தாண்டிக் கொடுத்த தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

நாட்களை எண்ணத் தொடங்குவது பில் தேதியிலிருந்து இல்லை, சரக்கை ஏற்ற நாளிலிருந்து. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் டெலிவரி நாளே ஏற்ற நாள். எனவே சாஃப்ட்வேரில் கடைசித் தேதியை ஜி.ஆர்.என். தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள், அந்த 12 காஸ்டிங்குக்கான ரிஜெக்‌ஷன் நோட் அன்றே பார்ட்டிக்கு மெயிலில் போகட்டும். பார்ட்டி எவராயிருந்தாலும் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் போகவில்லையென்றால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பி.ஓ. இல்லாத பில்கள்

கரண்ட் பில்லுக்கும் வாடகைக்கும் பி.ஓ. தேவையில்லை. அவற்றுக்கு ஒரு விலக்குப் பட்டியல் போட்டு, அதற்கு வெளியே வரும் எதற்கும் கதவைச் சாத்துங்கள். மெஷின் சர்வீஸ் போன்ற வேலைகளுக்கு எடை போட ஒன்றுமில்லை. வேலை முடிந்ததென்று அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் போடும் சான்றே ஜி.ஆர்.என்.

மிக மோசமானது, பில் வந்த பிறகு அதைப் பார்த்து பி.ஓ. போடுவது. மூன்றும் அச்சு அசலாகப் பொருந்தும், சாஃப்ட்வேர் பச்சை விளக்கு காட்டும், ஆனால் எதுவுமே சரிபார்க்கப்பட்டிருக்காது. பி.ஓ. தேதி பில் தேதிக்குப் பிந்தியதா என்று ஓர் அறிக்கை எடுங்கள். முதல் தடவை எடுக்கும்போது பக்கத்தில் பர்ச்சேஸ் மேனேஜர் இல்லாமல் இருப்பது நல்லது.

படி 7: பி.ஓ.வை மூடுவது

தள்ளிய 12 காஸ்டிங்கும் டி.சி. (டெலிவரி சலான்) போட்டுத் திரும்பிப் போனதும் பி.ஓ.வில் 212 பாக்கி நிற்கிறது. அடுத்த லாட்டில் 212ம் வருகின்றன, எல்லாம் நல்ல காஸ்டிங். இந்தத் தடவை ஃபவுண்டரி ரேட்டையும் 92க்கே போட்டிருக்கிறது. நம் எடை 1,326 கிலோ, பில் எடை 1,325. பில் குறைவாக இருந்தால் பில்லின்படிதான் பணம். ஒரு கிலோ டாலரன்ஸுக்குள் இருப்பதால் பில் தானாகப் பாஸ் ஆகிறது. 500க்கு 500 வந்துவிட்டது, பி.ஓ. முடிந்தது என்கிறது சாஃப்ட்வேர். பாக்கி சரக்கு வராது என்று தெரிந்தால் பி.ஓ.வை அப்படியே விடாமல் பாக்கியை ரத்து செய்து மூடுங்கள். திறந்து கிடக்கும் பி.ஓ.வில் அடுத்த வருடம் பழைய ரேட்டில் சரக்கு இறங்கினாலும் சாஃப்ட்வேர் தடுக்காது.

இன்னும் ஒன்று பாக்கி. ஜி.ஆர்.என். 1,326 கிலோவுக்கு 1,21,992 ரூபாயை "பில் வராத சரக்கு" கணக்கில் ஏற்றியது. பில் 1,21,900ஐத்தான் கழித்தது. மீதி 92 ரூபாய் அங்கேயே உட்கார்ந்திருக்கும், அதற்குப் பில் இனி வரப்போவதில்லை. மாதக் கடைசியில் மூடிய பி.ஓ.க்களின் பாக்கிப் பட்டியலை எடுத்து, இந்த 92ஐக் கொள்முதல் வித்தியாசக் கணக்குக்கு ஒரு ஜர்னலில் மாற்றிவிடுங்கள்.